கான்டர் ஓடிம்: கண்ணாடியா, கேடா?

போலந்து நாட்டுச் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் 'தி விட்சர் 3' என்னும் கணினி விளையாட்டையும், அவ்வாண்டு அக்டோபரில் அதன் இணைப்பாக 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' என்னும் பகுதியையும் வெளியிட்டது. இரண்டும் ஆண்ட்ஷெய் சப்கோவ்ஸ்கியின் புனைகதை உலகைக் களமாகக் கொண்டவை. இணைப்பில் வரும் கான்டர் ஓடிம் யாவன் என்பதில் ஆடுவோர் கருத்து வேறுபடுவர். அவன் சாத்தானே என்பர் ஒரு சாரார். வரமளிக்கும் பூதம் என்பர் மற்றொரு சாரார். அவன் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ஆங்கிலத்தில் கடவுளைக் குறிக்கும் சொல்லாதலைக் காட்டுவாரும் உளர்.

முதலெழுத்துச் சான்று வலியுடையதன்று. சாத்தான் கடவுள் வேடம் பூணுதலும் கூடுமன்றோ? பூதக் கொள்கையும் நில்லாது. சப்கோவ்ஸ்கி கதையின் பூதம் அடைபட்டுக் கிடந்து ஏவல் செய்வது. ஓடிமோ, கப்பலில் சிறைப்பட்ட கெரால்டைத் தானே தேடி வந்து உடன்படிக்கை செய்பவன்.

இப்பாத்திரத்தின் வேர் போலந்து நாட்டு வழக்கில் உள்ளது. துவர்தோவ்ஸ்கி என்னும் பெருமகன் உரோமில் மட்டுமே தன் உயிரைக் கொள்ளலாம் எனப் பேயோடு ஒப்பந்தம் செய்தான். 'உரோம்' என்னும் பெயருடைய விடுதியில் அகப்பட்டான். மித்ஸ்கியேவிச் 1822இல் இதனைக் கதைப்பாட்டாக்கினார். இறந்த அரசி பார்பராவின் உருவை அவன் கண்ணாடியால் மன்னனுக்குக் காட்டினான் என்பதும் வழக்கு. சொல்லின் இரட்டைப் பொருளும் கண்ணாடியும் ஆகிய இவ்விரண்டுமே ஓடிமின் கருவிகளாயின. மூன்று விருப்பங்கள் நிறைவேறி, இருவரும் நிலவின்மேல் நின்றாலன்றி ஓல்கெர்டின் உயிர் ஓடிமுக்கு உரியதாகாது. கோயில் தரையில் நிலவுருவம் பதிக்கப்பட்டிருந்தமையால் அவ்விதியும் நிறைவேறுகிறது.

'கண்ணாடி மனிதன்' என்னும் பெயரைக் கொண்டு, ஓடிம் மனிதரின் ஆசையைத் திருப்பிக் காட்டுபவனேயன்றித் தானாக எதுவும் செய்யான் எனச் சிலர் வாதிடுவர். இஃது உண்மையாயின் குற்றம் முழுதும் ஓல்கெர்டைச் சாரும். அவன் நாளை இல்லை என்பதுபோல் வாழ விரும்பினான். சாவற்ற வாழ்வும் கல்லான நெஞ்சும் பெற்றான். தம்பி மாண்டான், மனைவி ஐரிசு தனிமையில் இறந்தாள்.

ஆயினும் விளையாட்டு இவ்வாதத்தை முழுதும் ஏற்கவிடவில்லை. விடுதியில் தன் பேச்சினிடையே குறுக்கிட்ட குடியனைக் காலத்தை நிறுத்திக் கரண்டியால் கொல்கிறான் ஓடிம். அக்குடியன் அச்சாவை விரும்பினானல்லன். ஓடிமை ஆராய்ந்த அறிஞர் ஒருவர் காப்பு வட்டத்தைத் தாண்டியவுடன் மாள்கிறார். அவரும் வரம் கேட்டவரல்லர். கண்ணாடி தன்முன் நின்றதைக் காட்டுமேயன்றி எவரையும் கொல்லாது.

எனவே ஓடிமின் இயல்பு இதுவெனலாம்: அவன் சொல்லைக் காத்துப் பொருளைக் கெடுப்பவன். வாக்கின் எழுத்தில் ஒன்றும் தவறான். கேட்டவன் உளங்கொண்ட பொருளை அழிப்பான். அவன் நேர்மையே அவன் கேட்டின் கருவியாகும். ஆதலின் அவனைச் சாத்தான் என்போர் கூற்றே உண்மைக்கு அணிமையது. எனினும் அவன் கடவுளை எதிர்க்கும் சாத்தானல்லன். வழக்கு மன்றத்திற்கு அஞ்சாத ஆவணக்காரன்.

இம்முடிவு வெறும் வாதமன்று. இறுதியில் ஓல்கெர்டைக் கைவிடுவதா, தன் உயிரைப் பணயமாக்கி மீட்பதா என ஆடுவோன் தேர்தல் வேண்டும். கண்ணாடியே ஓடிம் எனின் மீட்பு முறையற்றதாகும். அவனும் குற்றவாளி எனின், தீயவனாயினும் ஓல்கெர்ட் மீட்கத் தக்கவனே. விடுகதையின் விடை கண்ணாடியுருவம். கெரால்ட் அதனை உடைந்துபோகும் கண்ணாடிகளில் பெறாது, ஓடவிட்ட நீரில் பெறுகிறான். ஆக்கியவன் பிடிக்குள் அடங்காத நிழலே ஓடிமை வெல்கிறது. ஒப்பந்தத்தின் எழுத்துக்கு அப்பாலும் மனிதனுக்கு ஓர் இடமுண்டு என இதனால் பெறப்படும்.