கவனித்தால் மட்டும் போதுமா?

தேனிப் பக்கத்துக் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயில் வாசலில் எந்த விபத்தைப் பற்றிப் பேசினாலும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும்: நேரம் சரியில்லை. விமானத்துறையும் அப்படியொரு விளக்கத்தைக் கைவசம் வைத்திருக்கிறது: விமானி கவனிக்கவில்லை. முதலாவதற்காவது எள் தீபம் என்று ஒரு பரிகாரம் உண்டு. இரண்டாவதற்கு, இனி நன்றாகக் கவனிக்கவும் என்ற சுற்றறிக்கைதான்.

1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் நடந்தது அந்த விளக்கத்துக்குள் அடங்காது. பம்பாயிலிருந்து 146 பேருடன் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, சேவைக்கு வந்து சில வாரங்களே ஆன ஏர்பஸ் ஏ320. நடுப்பகல், தெளிந்த வானம், கண்ணெதிரே ஓடுதளம். அதற்கு முன்னாலிருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 92 பேர் இறந்தார்கள். எஞ்சின் பழுதாகவில்லை. விமானி இறங்கும் வேகத்துக்கான குமிழைத் திருப்புவதாக நினைத்து, உயரத்துக்கான குமிழில் 700 என்று வைத்திருக்கலாம் என்று விசாரணை கருதியது. பெங்களூரோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கும் ஊர். மண்ணுக்கு அடியில் இருக்கும் ஓர் உயரத்தைத் தேடி, எஞ்சின்களை ஐடிலில், அதாவது குறைந்தபட்ச வலுவில் வைத்து, கணினி கீழ்ப்படிதலோடு இறங்கியது. 132 நாட் இருக்கவேண்டிய வேகம் 106 வரை சரிந்தது.

விமானிகள் இருவருக்கும் திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டர் இரண்டையும் அணைத்திருந்தால், எஞ்சின் வலுவைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோத்ரஸ்ட் வேகத்தைக் காக்கும் மோடுக்கு மாறியிருக்கும். ஒருவருடையது அணைந்தது, மற்றவருடையது அணையவில்லை. ஐடிலில் இறங்குகிறோம் என்று காக்பிட்டில் பேச்சும் நடந்தது. ஆக, கவனிக்கவில்லை என்று சொல்லமுடியாது. கவனித்தார்கள், கை த்ரஸ்ட் லீவருக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. ஐடிலில் கிடக்கும் எஞ்சின் முழு வலுவுக்கு வரச் சில வினாடிகள் பிடிக்கும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். பல விமானங்களில் தானியங்கி எஞ்சினைக் கூட்டிக் குறைக்கும்போது லீவரும் கூடவே நகரும். லீவர்மேல் இருக்கும் கைக்கு அது தெரியும். ஏ320-இல் லீவர் நகராது. கைக்குத் தெரிந்துகொண்டிருந்த சேதியைக் கண்ணுக்கு மாற்றிவிட்டு, கண் சரியாக வேலை செய்யவில்லை என்று குறைப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதைச் சொல்வதால் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டு என்று வாதிடும் கட்சியில் நான் இல்லை. டெல்லியின் மார்கழி மூடுபனியில் விமானம் இறங்குகிறதென்றால் ஆட்டோபைலட் புண்ணியத்தில்தான். தேனிப் பக்கத்தார் ஏறி இறங்கும் மதுரையிலும், மழைமேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி இறங்கும்போது அது பாதையைப் பிடித்துக்கொள்வதால்தான் விமானிக்கு யோசிக்க இடம் கிடைக்கிறது. ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணிக்க என்ற ஏற்பாடும் நல்லதே. ஆனால் அந்த மற்றவரின் நிலையைப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் பதில் சொல்வது, அலைவரிசை மாற்றுவது, ஃப்ளாப் இறக்குவது, சக்கரம் இறக்குவது, செக்லிஸ்ட் வாசிப்பது எல்லாம் அவர் தலையில். கண்காணிப்பவர் என்று பெயர் பெற்றவருக்குத்தான் அந்தச் சில நிமிடங்களில் கண்காணிக்க நேரமே இல்லை.

1948-இல் உளவியலாளர் மேக்வொர்த் செய்த கடிகாரச் சோதனையைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள்: ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் கூர்மை மழுங்கிவிடும். நீண்ட பயணத்தில், நடுவானில், அது சரி. இறங்கும்போது நிலைமை நேரெதிர். சலிப்பு அல்ல, நெரிசல். இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதுகிறோம். அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 1994-இல் 37 விபத்துகளை ஆராய்ந்து, 31-இல் கண்காணிப்போ தட்டிக்கேட்பதோ தவறியதாகச் சொன்னது. கனமான எண்தான். ஆனால் துணை விமானி ஒரு வார்த்தை சொல்லித் தவிர்த்த விபத்துகள் அந்தப் பட்டியலில் வர வழியில்லையே.

மோட் மாறும்போதெல்லாம் திரையின் உச்சியில் தெரிவதை வாய்விட்டுச் சொல்வது இன்று பல நிறுவனங்களில் கட்டாயம். பயனுள்ள பழக்கம். தினமும் சொல்லிச் சொல்லி, பொருள் உதிர்ந்த மந்திரமாகவும் அது ஆகிவிடலாம். அதைவிட இயந்திரத்தைத் திருத்துவது மேல். 1992-இல் ஸ்ட்ராஸ்பூர் அருகே ஏர் இன்டரின் ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். 3.3 பாகைச் சரிவு என்று நினைத்து வைத்த 33, நிமிடத்துக்கு 3,300 அடி இறக்கமாகப் போயிருக்கவேண்டும் என்பது முக்கியச் சந்தேகம். அதன் பிறகு ஏர்பஸ் அந்தக் காட்சியை நான்கு இலக்கமாக மாற்றியது. நூறு சுற்றறிக்கை செய்யாததை இரண்டு பூஜ்யங்கள் செய்தன.

எஞ்சியிருப்பது அதிகாரம் பற்றிய கேள்வி. 2010 மே 22, மங்களூர்: ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 மிக உயரத்தில், மிக வேகமாக ஓடுதளத்தை நெருங்கியது. துணை விமானி பார்த்தார், கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலேறு) என்றும் சொன்னார், ஒரு தடவைக்கு மேல். கேப்டன் இறங்கவே செய்தார். 158 பேர் இறந்தார்கள். கண்காணிப்பு அங்கே தன் வேலையை முடித்துவிட்டது. இரு விமானிகளில் யார் கோ-அரவுண்ட் என்றாலும் மறுபேச்சின்றி மேலேறவேண்டும் என்று கையேட்டில் எழுதிவிடுவது சுலபம். இளைய விமானி ஒருவர் அப்படிச் சொல்லி, மேலேறி, கடைசியில் ஆபத்து ஒன்றும் இருந்திருக்கவில்லை என்று தெரியவந்தால், மறுநாள் நிறுவனம் அவரிடம் எந்தக் குரலில் பேசுகிறது என்பதைக் கையேடு சொல்லாது.