கோபுரத்தில் ஏறியவனும் குழியில் விடப்பட்டவளும்

திருவண்ணாமலைக் கோயிலுக்குச் செல்வோர்க்கு வல்லாள மகாராசன் கோபுரத்தைக் காட்டிக் கதை ஒன்று சொல்வர். பெண்ணின்பமே வாழ்வெனக் கிடந்தான் ஒருவன், பொருளைத் தொலைத்தான், தொழுநோய் கண்டான், வெட்கி, வெதும்பி, இக்கோபுரத்தின் மீதேறிக் குதித்தான். முருகன் தாங்கினான், நோய் நீங்கிற்று, காமுகன் கவிஞனானான், திருப்புகழ் பிறந்தது! அருணகிரிநாதர் வரலாறு என வழங்குவது இதுதான். 1964-இல் டி.எம். சௌந்தரராசன் நடித்து வெளிவந்த படம் இதனைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பிற்று.

"எத்தகைய இழிந்தவனையும் பக்தி ஈடேற்றும். இதைவிடச் சான்று வேண்டுமோ?" என்பர் பக்தர். வேண்டும் தோழர்களே! கதையையே சாட்சிக் கூண்டில் நிறுத்திக் கேட்போம்.

முதலில், இது வரலாறுதானா? பிரபுடதேவ மாராயனைப் பாடலிலே குறிப்பதால், புலவர் 15-ஆம் நூற்றாண்டினர் என்று ஆய்வாளர் கொள்வர். பாடல்களிலே விலைமாதர் வலையில் வீழ்ந்ததாகத் தன்னைத் தானே நொந்துகொள்கிறார். அதைக் கொண்டு வாழ்க்கைக் கதை கட்டினர். ஆனால் தன்னைத் தாழ்த்திப் பாடுவது பக்திப் புலவர் மரபு. மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்றார். அதற்காக அவரை நாய் என்று எவரேனும் வரலாறு எழுதினரா? அருணகிரியாரின் சந்தத்திலே மயங்காத செவியில்லை. அத்திறம் தமிழறிவாலும் தளராப் பயிற்சியாலும் வந்தது என்பதில் அவருக்கு என்ன இழுக்கு?

போகட்டும், கதையை அப்படியே ஏற்போம். அவன் மனம் திரும்பிய இடம் எது? வீட்டிலே இருந்ததையெல்லாம் விற்றுத் தம்பிக்குக் கொடுத்துத் தீர்ந்த தமக்கை, இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்ற நிலையிலே, "பெண்தானே உனக்கு வேண்டும்? நானும் பெண்தானே!" என்னும் பொருள்படக் கேட்டாளாம். அந்தச் சொல் சுட்டது. அவன் கோபுரம் நோக்கி ஓடினான். முருகன் வந்தது அதன் பிறகு! உள்ளத்தைத் திருத்தியவள் தமக்கை. உடலைத் தாங்கியவனே கடவுள். ஆயினும் கோயில் கடவுளுக்கு. தமக்கையோ அந்தக் காட்சியோடு கதையைவிட்டே மறைகிறாள். ஈதென்ன நீதி?

அடுத்து, தொழுநோய். பாவத்தின் சம்பளமாம்! 1873-இலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். 1981-இல் உலக நல நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து நோயைக் குணமாக்குகிறது. எனினும், 2019-இல் திருத்தப்படும் வரை, தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாக ஏற்கும் சட்டப் பிரிவுகள் இந்நாட்டிலே இருந்தன. நோயாளியைப் பாவி என்று பார்க்கும் கண்ணை வளர்த்ததில் இத்தகைய கதைகளுக்குப் பங்கில்லையா?

இனி, பெரிய கேள்வி. அவன் கரையேறினான், அவன் நாடிச் சென்ற பெண்கள்? கதையிலே அவர்கள் வலை, நஞ்சு, படுகுழி! அவர்களைத் தாங்க எந்தக் கடவுளும் கை நீட்டவில்லை. நம் நாட்டில் மட்டுமன்று. மேனாட்டிலே காமத்தை வென்று ஞானியானவர் எனப் போற்றப்படும் அகஸ்டின், பல்லாண்டு தம்மோடு வாழ்ந்து ஒரு மகனைப் பெற்றுத் தந்தவளை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார். தம் வாழ்வைத் தாமே எழுதிய நூலிலே மகன் பெயர் உண்டு. அவள் பெயர் இல்லை. ஆணின் கடந்த காலம் கழுவப்படும். அந்தக் கழுநீர் பெண்ணின் தலையிலே!

அந்தப் பெண்களுக்குக் கை நீட்டியோர் யார்? தேவதாசி மரபில் வளர்ந்து, அதன் கொடுமையறிந்து அதனையே எதிர்த்து நின்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். சட்டமன்றத்திலே வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி. பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது 1947-இல். எந்த வேலும் மயிலும் வரவில்லை. மேடையும் மசோதாவும் வந்தன. அம்மையார் 1936-இல் வெளியிட்ட புதினத்தின் பெயரைப் பாருங்கள்: "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்". வரம் பெற்ற மைனர் அல்லன். மதி பெற்ற மைனர்! வலையை அறுப்பது மதி என்பதைத் தலைப்பிலேயே பொறித்துவிட்டார்.

கெட்டவன் திருந்தவே முடியாது என்று நாம் சொல்லவில்லை. திருந்த முடியும் என்பதே நம் துணிவு. தலையெழுத்தை மறுப்போர் வேறெப்படிச் சொல்வர்? எவருடைய நேற்றும் அவருடைய நாளையைச் சிறைவைக்கலாகாது. அந்த நம்பிக்கையை மனிதர் மீது வைப்போம். ஆனால், ஒருவனுக்குத் திறந்த கதவு ஒருத்திக்கும் திறக்க வேண்டும்.

அண்ணாமலைக்குச் செல்லும் இளைஞனே! கோபுரத்தை நிமிர்ந்து பார். கட்டிய கைகளின் திறனை வியந்து போற்று. பிறகு, பெயரற்றுப் போன அந்தப் பெண்களையும், தம்பியைத் திருத்திய தமக்கையையும் எண்ணிப் பார். கடந்த காலத்தைச் சுமந்துகொண்டு உன் ஊரிலே, உன் தெருவிலே நிற்பவர் எவரோ, அவருக்கு உன் கையை நீட்டு. தாங்க வேண்டியவன் நீ!