மாநாட்டு மேடையும் நூலடுக்கும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் கூட்டங்களுக்குக் குறைவில்லை. எழுத்தாளர் சங்கங்கள் கருத்தரங்கு நடத்துகின்றன. ஆசிரியர்கள் பயிலரங்குகளில் கூடுகின்றனர். நூல் வெளியீடுகளும் ஓய்வின்றி நடைபெறுகின்றன. தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை என நிகழ்ச்சி நிரல் நிறைவாகவே அமைகின்றது. எனினும், கூட்டம் கலைந்தபின் எஞ்சி நிற்பது யாது என்னும் வினாவே அதன் பயனை அளக்கும் கோலாகும். அக்கோல் கொண்டு அளந்தால், எழுத்தாளர், ஆசிரியர், நூலகர் ஆகிய மூவரும் ஒருங்கே உழைத்த இடங்களிலேதான் நிலைத்த பயன் விளைந்திருத்தல் புலனாகும்.

1964இல் தில்லியில் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம், தன் முதல் மாநாட்டை 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோலாலம்பூரில் நடத்தியது. அதற்கு உயிர்நாடியாக விளங்கியவர், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார். அவர் மாநாட்டோடு அமைதி கொள்ளவில்லை. அதே ஆண்டில் தமிழாய்வுக்குரிய நூல்களின் வழிகாட்டி ஒன்றினையும் தொகுத்தளித்தார். மாநாட்டுக் கட்டுரைகளும் பின்னர்த் தொகுதிகளாக அச்சேறின. 1969இல், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் நிரல்படுத்தும் ‘தமிழ் மலேசியானா’ என்னும் பட்டியலை இராம. சுப்பையா தொகுக்க, மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. அக்காலத்து மேடைகளில் ஒலித்த உரைகளை இன்று நினைவுகூர்வார் மிகச் சிலரே. அப்பட்டியலோ இந்நாட்டு இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர்க்கு இன்றும் துணை நிற்கின்றது.

சிங்கப்பூர் தன் ஐம்பதாம் ஆண்டினைக் கொண்டாடிய 2015இல் தோன்றிய தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பும் இத்தகையதே. தன்னார்வலர்கள் தேசிய நூலக வாரியத்துடன் கைகோத்து, 1965 முதல் அரைநூற்றாண்டில் வெளிவந்த 300க்கும் மேற்பட்ட இலக்கிய நூல்களை மின்வடிவாக்கினர். பதிப்புரிமையுடைய எழுத்தாளரின் இசைவும், நூலகத்தின் தொழில்நுட்பமும், ஆர்வலரின் உழைப்பும் இணையாவிடில் அப்பணி கைகூடியிராது.

இத்தகைய சான்றுகள் இருந்தும், பெரும்பாலான கூட்டங்களில் நூலகருக்கு மேடையில் இடமில்லை. புத்தகக் கண்காட்சிக்கு மேசை போடுபவராகவே அவர் கருதப்படுகின்றார். இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. நூலகப் பட்டியல்கள் பலவற்றில் தமிழ்ப் பெயர்கள் ரோமன் எழுத்தில், ஒரு குறிப்பிட்ட ஒலிபெயர்ப்பு முறைப்படி பதிவாகின்றன. நாம் ஆங்கிலத்தில் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் ‘சிங்கப்பூர்’, அம்முறையில் ‘சி’ என்னும் மூன்றாம் எழுத்தில் தொடங்கும். இதனை அறியாத மாணவன் தேடிப் பார்த்து, நூல் இல்லையென்று திரும்பிவிடுவான். நூல் அடுக்கிலேயே இருக்கும்! இதனை விளக்கவல்லவர் நூலகரே. அவருக்கோ வேறொரு இடர்ப்பாடு உண்டு. ஒரே எழுத்தாளர் பல புனைபெயர்களில் எழுதியிருப்பின், அவரை ஒருவரென அறிவது எங்ஙனம்? உடன் எழுதிய எழுத்தாளரே அதனைத் தெளிவுறுத்த வல்லவர். அவர் மறைந்துவிட்டால் அவ்விவரமும் மறைந்துவிடும்.

எழுத்தாளரின் கடமையும் சிந்திக்கத்தக்கது. மலேசியாவின் 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சிடப்பட்ட ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்திற்கு அளித்தல் வேண்டும். இங்குள்ள தமிழ் எழுத்தாளருள் பலர் தம் நூலைத் தாமே பதிப்பிப்பவராதலின், அப்பொறுப்பு அவரையே சாரும். வெளியீட்டு விழாவில் முதற்படி பெறுவோரின் பட்டியலைப் பன்முறை சரிபார்ப்பவர், நூலகத்திற்குரிய படிகளை மறந்துவிடுதல் தகுமா?

ஆசிரியர் இல்லையேல் இவை யாவும் உறங்கும் செல்வமே. ‘மாணவர் படிப்பதில்லை’ என்று எழுத்தாளர் மேடையில் வருந்துகின்றார். ‘ஆறாம் ஆண்டு மாணவனுக்கு எந்நூலைத் தரலாம்?’ என்று ஆசிரியர் வினவினால், அவையில் மௌனமே நிலவுகின்றது. நூலின் மொழிநடை எவ்வகுப்பினர்க்கு ஏற்றது, எக்கதை சிறுவர் மனத்தைப் பற்றும் என்பனவற்றை நாள்தோறும் வகுப்பறையில் நிற்பவரே அறிவார். இவ்வாறு கூறுவதால், ஆசிரியரின் விருப்பத்திற்கேற்ப இலக்கியம் படைக்க வேண்டுமென்பது கருத்தன்று. அவ்வாறாயின் இலக்கியம் பாடப்பயிற்சியாகச் சுருங்கிவிடும். எழுதுவது எழுத்தாளரின் உரிமை. எழுதப்பட்டவற்றுள் தக்கவற்றைத் தேர்வது ஆசிரியரின் தொழில்.

ஆகவே, ஒவ்வொரு கருத்தரங்கும் உரைகளுள் இரண்டினைக் குறைத்தேனும் அந்நேரத்தில் மூவரையும் ஒரு மேசையில் அமர்த்துதல் வேண்டும். இந்நாட்டு நூல்கள் இருபதினைத் தேர்ந்து, ஆசிரியரின் இயற்பெயர், புனைபெயர், ஏற்ற வகுப்பு, கிடைக்கும் நூலகம் ஆகியவற்றைக் குறித்துப் பள்ளிகளுக்கு அனுப்பினால் போதும். பத்துக் கூட்டங்களில் இருநூறு நூல்கள் மாணவரை எட்டும். பொன்னாடை மடித்துவைக்கப்படும், மாணவன் கையில் சேர்ந்த நூலே விரிந்து பயன்தரும்.