ஆரஞ்சின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர்: காசுக்குத் தகுமா?

பார்க்கச் சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்கிறது. ஒரு முனையில் சாய்வாக வெட்டிய பட்டகம், மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ். பட்டகத்தில் இரண்டு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், அந்தச் சாறு எவ்வளவு இனிப்பு என்பது ஓர் எண்ணாகத் தெரியும். ரிஃப்ராக்டோமீட்டர் என்பது இதன் பெயர். பிரிக்ஸ் மீட்டர் என்று கேட்டாலும் கிடைக்கும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் விற்கும் சாதாரண மாடலை வாங்கி, வடசென்னையின் ராயபுரம், காலடிப்பேட்டை, எர்ணாவூர்ப் பக்கத்துப் பழக்கடைகளில் வாங்கிய ஆரஞ்சுகளில் சோதித்தேன். கடைக்குப் போய் நல்ல ஆரஞ்சாகப் பொறுக்கி வர இது கைகொடுக்குமா?

பெட்டிக்குள் என்ன?

மீட்டர், பிளாஸ்டிக் டிராப்பர், துடைக்கும் துணி, அளவைச் சரிசெய்ய ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர். பேட்டரி கிடையாது. பழத்துக்கு வாங்குகிறவர்கள் 0 முதல் 32 வரை அளவுள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். தேனுக்கான 58 - 90 மாடலும் இதே உருவத்தில்தான் வருகிறது, அதில் ஆரஞ்சுச் சாற்றை விட்டால் ஒன்றும் தெரியாது. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை ஒரு சொட்டு விட்டு, கோடு பூஜ்யத்தில் நிற்கும்படி ஸ்க்ரூவைத் திருக வேண்டும். அவ்வளவுதான், மீட்டர் தயார்.

எப்படி அளக்கிறது?

தண்ணீரில் சர்க்கரை கூடக் கூட, அதனுள் நுழையும் ஒளி அதிகமாக வளையும். லென்ஸ் வழியே பார்த்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பிரிக்ஸ். 100 கிராம் கரைசலில் 10 கிராம் சர்க்கரை இருந்தால் 10 பிரிக்ஸ். ஆரஞ்சுச் சாற்றில் அமிலமும் தாது உப்புகளும் கரைந்திருக்கும். அவையும் இந்த எண்ணில் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும்.

ஒரே பழத்திலும் காம்புப் பக்கத்தைவிட அடிப்பக்கம் இனிப்பு அதிகம். அதனால் ஒரு மூலையில் கிள்ளிய சாறு போதாது. சுளை முழுவதையும் பிழிந்து, கலக்கிய பிறகு சொட்டு விட வேண்டும்.

சோதனையில் தெரிந்தது

பஞ்சாப், ராஜஸ்தான் பக்கமிருந்து குளிர்காலத்தில் இறங்கும் கின்னோ ஆரஞ்சு பெரும்பாலும் 10, 11 என்று காட்டியது. நாக்பூர் கமலா ஆரஞ்சு 10-ஐ ஒட்டி நின்றது. சாத்துக்குடி 9-ஐத் தாண்டவே சிரமப்பட்டது. ஆனால் நாக்குக்கு அதிகம் இனித்தது சாத்துக்குடிதான்! அதில் அமிலம் குறைவு, கின்னோவில் அதிகம். இனிப்பும் புளிப்பும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதில்தான் ருசி. மீட்டர் அதில் பாதியைத்தான் சொல்கிறது. ஆக, கின்னோவைக் கின்னோவோடு ஒப்பிட இது உதவும். கின்னோவையும் சாத்துக்குடியையும் எதிரெதிரே நிறுத்த உதவாது.

நிறத்தைப் பற்றிய நம்பிக்கை ஒன்றையும் மீட்டர் உடைத்தது. தோலில் பச்சை படர்ந்த பழம், பளிச்சென்ற ஆரஞ்சு நிறப் பழத்துக்குச் சமமாகவே எண் காட்டியது. இரவில் குளிர் இல்லாத ஊர்களில் ஆரஞ்சு பழுத்தாலும் தோலின் பச்சை முழுதாகப் போகாது. எத்திலீன் வாயு காட்டி நிறம் மாற்றுவதும் உண்டு. அது தோலை மாற்றும், சாற்றை இனிப்பாக்காது. மாம்பழம் போல ஆரஞ்சைப் பறித்து வைத்துப் பழுக்க வைக்கவும் முடியாது. மரத்தில் ஏறிய சர்க்கரைதான் கடைசி வரை. இனிப்பு ஏறும் என்று பழத்தை வீட்டில் வைத்துக் காத்திருப்பது வீண்.

நம்ம வெயிலில் தாங்குமா?

மீட்டரின் அளவு 20 டிகிரி செல்சியஸை வைத்து வகுக்கப்பட்டது. வெப்பத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் வசதியும் 10 முதல் 30 டிகிரி வரைதான். எண்ணூர் நெடுஞ்சாலையோரத் தள்ளுவண்டியில் மதியம் நிற்கும் பழம் அதைத் தாண்டிச் சூடாகிவிடும். சூடான சாறு உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும். பழத்தை வீட்டில் நிழலில் ஆறவிட்டு அளப்பதே சரி. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி பட்டகத்தில் ஒட்டியிருக்க, அப்படியே துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு துடையுங்கள்.

கடைக்கு இது சரிப்படுமா?

இங்கேதான் மீட்டர் தோற்கிறது. சாறு வேண்டும் என்றால் பழத்தை அறுக்க வேண்டும், அறுக்க வேண்டும் என்றால் வாங்கியாக வேண்டும். தேரடிப் பக்கத்தில் வண்டி போட்டிருந்த அக்காவிடம் மீட்டரைக் காட்டியபோது, "இன்னா தம்பி, பயத்துக்குக் கண் டெஸ்ட்டா? கையில தூக்கிப் பாரு, கனமா இருந்தா சாறு இருக்கு" என்றார்.

அதையும் சோதித்தேன். வீட்டில் இருந்த சமையலறை எடை மெஷினில் ஒரே அளவுள்ள கமலா ஆரஞ்சுகளை நிறுத்தால் எடையில் நல்ல வித்தியாசம். எடை குறைந்தவற்றில் தோல் தனியாக, சுளை தனியாக உப்பி நின்றது. சாறும் வறண்டிருந்தது. பெரிய பழமாகத் தேடுவதைவிட, அளவுக்கு மீறிக் கனக்கும் பழத்தைத் தேடுவது பலன் தருகிறது. காம்புக் குழியை அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றிருந்தால் வேண்டாம், அழுகல் பெரும்பாலும் அங்கே தொடங்கும். தோலை நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்தால் எண்ணெய் வாசம் தூக்கலாக வர வேண்டும்.

அறுக்காமலே அளக்கும் கருவிகளும் உண்டு. ஜப்பானில் பழம் தரம் பிரிக்கும் கூடங்களில் அகச்சிவப்புக்கு அண்மைய ஒளியைச் செலுத்தி இனிப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். கையடக்க மாடலும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வாங்கும் விலையில் இல்லை.

நிறை: பேட்டரி வேண்டாம், சில நொடிகளில் விடை, கழுவி வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

குறை: புளிப்பைச் சொல்லாது, 30 டிகிரிக்கு மேல் நம்ப முடியாது, பழத்தை அறுத்தே ஆக வேண்டும்.

தீர்ப்பு

ஜூஸ் கடை வைத்திருப்பவர், விசேஷத்துக்குக் கோயம்பேட்டில் பெட்டி பெட்டியாக எடுப்பவர் தாராளமாக வாங்கலாம். ஒரு பழத்தை அறுத்து அளந்துவிட்டு மொத்தச் சரக்கைப் பேசினால், மீட்டரின் விலை முதல் பேரத்திலேயே திரும்பிவிடும். வாரம் ஒரு கிலோ வாங்கும் குடும்பத்துக்கு இது தேவையில்லை. அந்த ஆயிரம் ரூபாய்க்கு ஆரஞ்சே வாங்குங்கள், இரண்டு பழத்தை இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்து, கனமானதாக எடுங்கள்.