உருண்டை மேல் ஒரு லேஸ்: தெமாரியை ரசிப்பது எப்படி?

"அட, அழகா இருக்கே!" ஒரு போட்டோ. அப்புறம் அடுத்த மேசை. ஜப்பானிய நூல் பந்தான தெமாரிக்குக் கண்காட்சியில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான். ஏன் நிற்கவில்லை என்று கேட்டால், "அதுல கணக்கெல்லாம் வருமாமே, நமக்குப் புரியாதுங்க" என்கிறார்கள். இவர்களை மிரட்டி வைத்தது யாரென்று எனக்குத் தெரியும். 'கோளத்தின் கணித அழகு' என்று தலைப்புப் போட்டு, ஒரு பந்தையாவது கையில் உருட்டிப் பார்க்காமல் எழுதும் விமர்சகர்கள்தான்.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தெமாரி முதலில் பழைய கிமோனோத் துணியைச் சுருட்டி நூல் சுற்றிய விளையாட்டுப் பந்தாக இருந்தது. ஜப்பானின் எடோ ஆட்சிக் காலத்தில் பருத்தி நூல் தாராளமாகக் கிடைத்ததும் சாதாரண வீடுகளுக்கும் வந்தது. உள்ளே உமி வைப்பதுண்டு. அதன்மேல் மெல்லிய நூலைத் திசை மாற்றி மாற்றிச் சுற்றுவார்கள். ஊசி குத்துவது அந்தச் சுற்றலில்தான், தனியாகத் துணி கிடையாது. மேலே ஒரு துருவம், கீழே ஒரு துருவம், நடுவில் ஓபி என்கிற இடுப்புக்கோடு. காகிதப் பட்டியால் அளந்து, குண்டூசி குத்தி, வழிகாட்டி நூல் இழுத்துவிட்டால் பந்து தையலுக்குத் தயார். அகிதா பக்கம் ஹோன்ஜோவில் மூன்று குஞ்சம் தொங்கவிடுவார்கள். மாட்சுமோட்டோ நகரத்தில் சாக்கடை மூடியில்கூடத் தெமாரிப் படம்தான். ககாவா மாநிலத்துச் சானுகி தெமாரிக்குத் தாவரச் சாயம் ஏற்றிய பருத்தி நூல். புதிதாக வருபவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். பாடம் முடிந்தது.

இனி எனக்குப் பிடித்த விஷயம். பெரும்பாலான தெமாரியில் நூல் நெருக்கமாக ஓடி அடித்தளத்தை மூடிவிடும். லேஸ் வகை அப்படியில்லை. கருநீலத் தளத்தின் மேல் ஒற்றை வெள்ளை இழை வலைபோல ஓடும். நிஜ லேஸில் ஓட்டை உண்மையான ஓட்டை. இங்கே ஓட்டையே கிடையாது, இருப்பதாக நம் கண்ணை நம்பவைக்க வேண்டும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளை இழையை அல்ல, அதற்கு இடையில் தெரியும் நீலத்தை. அங்கே நூல் வரிவரியாகப் பள்ளம் தட்டியிருந்தால் மேலே எத்தனை நுணுக்கம் செய்தும் வீண்.

அடுத்தது, இரண்டு இழைகள் சந்திக்கும் இடம். இதைத் தெரிந்துகொள்ளாமல் தெமாரி பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். ஒரு இழை இன்னொன்றின் மேல் சும்மா ஏறிப் போகலாம். அல்லது அதன் அடியில் நுழைந்து வரலாம். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுதான். கிட்டே வாருங்கள். ஏறிப் போன இழை படுத்திருக்கிறது, அவ்வளவே. விரல் பட்டால் நகரும், நாளானால் தொய்யும். நுழைந்து வந்த இழை மற்றதைப் பிடித்துக்கொள்கிறது, தானும் பிடிபடுகிறது. மேல், கீழ், மேல், கீழ் என்று மாறிமாறிப் போனால்தான் அது வலை. மற்றதெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நூல். நுழைக்கும்போது ஊசியைத் திருப்பி, காதுப் பக்கத்தை முன்னால் விடுவார்கள்; கூர்முனை போனால் கீழே இருக்கும் இழை பிரிந்து பஞ்சாகிவிடும். சந்திப்பில் நூல் பிசிறியிருக்கிறதா என்று பாருங்கள், செய்தவரின் பொறுமை தெரிந்துவிடும். போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நுழைந்த இடத்தில் கடுகளவு நிழல் விழும். அந்த நிழலுக்காக நான் எவ்வளவு நேரமும் நிற்பேன்.

அசனோஹா என்கிற சணலிலை வடிவம் இதற்கு நல்ல பரீட்சை. ஒவ்வொரு முக்கோணத்தின் நடுவிலும் மூன்று கால்கள் கூடும். மூன்றும் ஒரே புள்ளியில் இறுக வேண்டும். அங்கே சின்ன இடைவெளி தெரிந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

"நம்ம கோலம் மாதிரியே இருக்கு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தரை தட்டை. காகிதத்தில் சணலிலைக்கு எங்கும் ஆறு முனை. பந்தை 120 முக்கோணங்களாகப் பிரித்து அதே வடிவத்தைப் போட்டால், 12 இடங்களில் ஐந்து முனைதான் வரும். அந்தச் சிறு முக்கோணத்தின் கோணங்கள் 36, 60, 90. கூட்டினால் 180 அல்ல, 186. கணக்கைத் திட்டிவிட்டு நானே கணக்கு சொல்கிறேன், பரவாயில்லை. தாளில் ஒழுங்காக இருந்த இலை பந்தின் மேல் லேசாக உப்பி நிற்பதற்குக் காரணம் அந்த ஆறு டிகிரிதான்.

இப்போதைய மோகம் ஜரிகை இழை. கண் கூசுகிற பளபளப்பில் சந்திப்பு எதுவுமே தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே போடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். முத்துத் தலைக் குண்டூசி குத்தி மினுக்குவது அதைவிட மோசம். எத்தனை நிறம் என்று எண்ணிப் பாராட்டுகிறவர்களோடு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எல்லோரும் மேல் துருவத்தைக் காட்டித்தான் வைப்பார்கள். நீங்கள் பந்தைத் திருப்பிக் கீழ்த் துருவத்தைப் பாருங்கள். கை களைத்த பிறகு போட்ட தையல் அங்கேதான் இருக்கும். முடிச்சு எதுவும் கண்ணில் படக் கூடாது. நூலின் நுனி சுற்றலுக்கு அடியில் ஓடி மறைந்திருக்க வேண்டும். திருப்புவதற்கு முன் அனுமதி கேளுங்கள். நல்ல கைக்காரர் தானே திருப்பிக் காட்டுவார். "தொடாதீங்க" என்று பதறுகிறவரிடம் வாங்க வேண்டாம்.