படத்தில் இருப்பது புயலா?

துவாஸ் தொழிற்பேட்டையில் ஓர் உணவகத்துக்குப் பசியாறப் போனபோது சுவரில் மூன்று பெரிய படங்களைப் பார்த்தேன். கறுப்புச் சட்டம், கண்ணாடி, பழுப்பு நிறம். மூன்றின் கீழும் ஒரே வரி: ‘கொந்தளிக்கும் கடல், மெட்ராஸ் துறைமுகம்’. ஆண்டும் இல்லை, எடுத்தவர் பெயரும் இல்லை. கைப்பேசியில் பிடித்து வந்து, உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு வாய்மொழிப் பயிற்சிக்குக் கொடுத்தேன்.

‘பொங்கியெழும் அலைகள்’, ‘இயற்கையின் சீற்றம்’, ‘கோரத் தாண்டவம்’ எனச் சரளமாகக் கொட்டினார்கள். எல்லாம் நாம் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: “டீச்சர், புயலடிச்சா யாராவது படகை எடுப்பாங்களா?”

எடுக்கமாட்டார்கள். முதல் படம் அங்கேயே தன் விளக்கத்தைப் பொய்யாக்கிவிடுகிறது.

மெட்ராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, ஆளையும் சரக்கையும் மசூலா படகுகள் கரை சேர்த்தன. பாண்டிச்சேரிப் பக்கம் இதைச் சலங்கு என்பார்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் மோதினால் ஆணி அடித்த படகு பிளக்கும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். சாதாரண நாளிலும் அங்கே கரையலை உயரம்தான். ஆக, நாம் பார்ப்பது ஒரு வேலை நாள். புதிதாக வந்திறங்கிய வெள்ளைக்காரருக்கு அது திகிலாக இருந்திருக்கும். அந்தத் திகிலைத்தான் இன்றும் சட்டம் போட்டு மாட்டுகிறோம்.

இரண்டாவது, 1860களில் கட்டிய இரும்புப் பாலம். தூண்களைச் சுற்றிக் கடல் பஞ்சு போலக் கிடக்கிறது. மாணவர்கள் ‘மூடுபனி’ என்றார்கள். பனி இல்லை. அன்றைய ஈரத் தகட்டுக்கு வெளிச்சம் பதிய நொடிக்கணக்கில் நேரம் பிடிக்கும். அதற்குள் அலை நகர்ந்து கலங்கிவிடும். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். கேமராவின் இயலாமையே அழகாகிவிட்டது.

மூன்றாவதில் துறைமுகச் சுவர்மேல் தெறிக்கும் துளிகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. 1880களில் உலர் தகடு பரவிய பிறகுதான் இவ்வளவு கூர்மை சாத்தியம். அதாவது இது பிந்தைய படம். ஆனால் மூன்றுக்கும் ஒரே பழுப்பைப் பூசி ஒரே காலத்தவைபோல் காட்டியிருக்கிறார்கள். இந்தச் சுவருக்கு ஒரு கதை உண்டு. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் நினைவுக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் சுவர்களை உடைத்துப் போட்டது. அந்த மாதிரிப் புயலுக்குள் யாரும் முக்காலியை நிறுத்த முடியாது. உண்மையான புயல் படம் எது என்று கேட்டால், உடைந்த கற்களும் அமைதியான கடலும் உள்ள படத்தைத்தான் காட்டுவேன்.

இதை நான் இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் உண்டு. ரஜூலா கப்பலில் இங்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் அந்தக் கப்பலும் கரையிலிருந்து தள்ளித்தான் நின்றது. படகேறித்தான் போய்ச் சேர வேண்டும். நம்மவர் பயணத்தின் முதல் அடி, துடுப்புப் போட்ட ஒருவரின் கையில் இருந்தது. ‘கொந்தளிக்கும் கடல்’ என்று எழுதியதும் அவர் மறைந்து போகிறார், கடல் மட்டும் மிஞ்சுகிறது. பத்து நிலை உயரக் கான்கிரீட் பெட்டிகள் 221 இறக்கிச் சுவர் எழுப்பிய துவாஸ் துறைமுகத்தின் பக்கத்தில் வளரும் பிள்ளைக்குக் கரையலை என்றால் என்னவென்றே தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

மறுவாரம் விளக்க வரியை மறைத்துவிட்டு அதே படங்களைக் கொடுத்தேன். முதல் ஐந்து வாக்கியங்களில் பெயரடை கூடாது, வினைச்சொல் மட்டும் என்றேன். தடுமாறினார்கள், ஆனால் ‘துடுப்புப் போடுகிறார்’, ‘கயிற்றை இழுக்கிறார்’, ‘திரும்பிப் பார்க்கிறார்’ என்றெல்லாம் வந்தன. தேர்விலும் இதற்கு மதிப்பெண் குறையாது என்பது என் கணிப்பு.

கடைசியில் ஆளுக்கொரு விளக்கம் எழுதச் சொன்னேன். கேள்வி கேட்ட அந்த மாணவி எழுதியது: ‘மெட்ராஸ் கரை. வேலைக்குப் போகும் படகு. பன்னிரண்டு பேர்.’ நான் எண்ணியபோது பதினொன்றுதான் வந்தது. “இன்னொருத்தர் அலைக்குப் பின்னாடி இருக்கார் டீச்சர், தலை மட்டும் தெரியுது” என்றாள். பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தார்.