இரண்டாவது பந்தயம்

கிரிக்கெட்டைப் பற்றி எழுத ஒரு நாவலாசிரியனுக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். மட்டையைப் பிடிக்கும் விதத்தைப் பற்றியோ, பந்து சுழலும் சூட்சுமத்தைப் பற்றியோ சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான். ஆனால் மைதானத்தில் நடப்பது அவ்வளவு மட்டும் அல்லவே! ஒரு டெஸ்ட் பந்தயம் ஐந்து நாள் நடக்கிறது. முதல் நாள் தைரியசாலியாக நின்றவன் நான்காம் நாள் பயப்படுகிறான். காலையில் எல்லோரும் ஏசிய மனிதன் மாலையில் கதாநாயகனாகிவிடுகிறான். மனித சுபாவம் மெல்ல மெல்ல வெளிப்படுகிற இந்த விஷயம் கதை எழுதுகிறவனின் சரக்கு. அந்த உரிமையை வைத்துக்கொண்டுதான் 2023-ஆம் வருஷத்துக் கோடையில் இங்கிலாந்தில் நடந்த இரண்டு ஆஷஸ் தொடர்களை விமர்சிக்கத் துணிகிறேன்.

ஆண்களின் தொடர் ஒன்று, பெண்களின் தொடர் ஒன்று. இரண்டும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஏழு வாரங்களுக்குள் நடந்து முடிந்தன. ஆண்கள் ஐந்து டெஸ்ட் ஆடி, ஆளுக்கு இரண்டு வெற்றி பெற்று, ஒன்றை மழைக்குக் கொடுத்தார்கள். பெண்கள் ஒரு டெஸ்ட், மூன்று இருபது ஓவர் ஆட்டம், மூன்று ஒரு நாள் ஆட்டம் என்று ஆடி ஆளுக்கு எட்டுப் புள்ளி பெற்றார்கள். தொடர் சமனாக முடிந்தால் கோப்பை முன்பு வைத்திருந்தவரிடமே தங்கும் என்பது வழக்கம். ஆகவே இரண்டு கோப்பைகளும் ஆஸ்திரேலியாவிடமே தங்கிவிட்டன. கணக்குப் பிள்ளையின் ஏட்டில் இரண்டும் ஒரே கதை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்று முழுக் கதை; மற்றொன்று நடுவில் நிறுத்தப்பட்ட கதை.

முதலில் ஆண்களின் ஆட்டத்தைப் பார்ப்போம். எட்ஜ்பாஸ்டனில் முதல் பந்தயத்தின் முதல் நாளே, எட்டு விக்கெட்டுக்கு 393 என்ற நிலையில், ஜோ ரூட் 118 ரன்னுடன் வெகு நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, இங்கிலாந்துத் தலைவர் பென் ஸ்டோக்ஸ் இன்னிங்ஸை முடித்துக்கொண்டார். அதைத் துணிச்சல் என்றவர்களும் உண்டு, திமிர் என்றவர்களும் உண்டு. எதிர்த் தரப்பில் உஸ்மான் கவாஜா ஐந்து நாளும் மட்டை பிடித்தார். முதல் இன்னிங்ஸில் 141, இரண்டாவதில் 65. அவசரத்துக்கும் நிதானத்துக்கும் நடந்த அந்த வழக்கில் நிதானத்தின் பக்கம் தீர்ப்பாயிற்று. கடைசியில் கம்மின்ஸும் லயனும் சேர்ந்து நின்று இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்துக் கொடுத்தார்கள்.

லார்ட்ஸில் நடந்த இரண்டாவது பந்தயத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசிற்று. கடைசி நாள் காலையில் ஜானி பேர்ஸ்டோ பந்துக்குக் குனிந்து விட்டுவிட்டு, ஓவர் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் கோட்டைத் தாண்டி நடந்தார். விக்கெட் காப்பாளர் அலெக்ஸ் கேரி பந்தை ஸ்டம்பில் எறிந்தார். சட்டப்படி அவுட். அது மரியாதையா என்பதில்தான் தகராறு. மைதானத்தின் நீண்ட கூடத்தில் கோட்டும் டையும் அணிந்த சங்க அங்கத்தினர்கள் ஆஸ்திரேலியர்களைப் பார்த்துக் கத்தினார்கள்; மூன்று அங்கத்தினர்கள் தற்காலிகமாக விலக்கப்பட்டார்கள். இரு நாட்டுப் பிரதம மந்திரிகளும் இதைப் பற்றி அபிப்பிராயம் சொன்னார்கள். ஸ்டோக்ஸ் ஆத்திரத்தோடு 155 ரன் அடித்தும் இங்கிலாந்து 43 ரன்னில் தோற்றது.

இரண்டு பந்தயம் போய்விட்டது. ஆனால் இன்னும் மூன்று மிச்சம் இருந்தன. ஹெடிங்லியில் மார்க் வுட் முதல் இன்னிங்ஸில் 34 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுக்க, இங்கிலாந்து ஜெயித்தது. ஓல்டு டிராஃபோர்டில் ஜாக் கிராலி 189 அடித்து, ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தை மழை அடித்துக்கொண்டு போயிற்று. ஓவலில் 49 ரன்னில் மறுபடியும் வெற்றி. அந்தப் பந்தயத்தோடு ஓய்வு பெற்ற ஸ்டூவர்ட் பிராட், தாம் ஆடிய கடைசிப் பந்தை ஆறு ரன்னுக்கு அடித்தார். வீசிய கடைசிப் பந்தில் விக்கெட் எடுத்தார். கதையில் நான் இப்படி எழுதியிருந்தால், மிகையாக இருக்கிறதென்று பத்திரிகாசிரியர் சிவப்பு மசியால் அடித்திருப்பார்.

இப்போது பெண்களிடம் வருவோம். அவர்களுடைய ஒரே டெஸ்ட், ஆண்களின் முதல் இரண்டு பந்தயங்களுக்கு இடையில் கிடைத்த சந்தில், ஜூன் 22 முதல் 26 வரை நாட்டிங்ஹாமில் நடந்தது. இங்கிலாந்தில் பெண்கள் ஐந்து நாள் டெஸ்ட் ஆடியது அதுவே முதல் தடவை. ஆஸ்திரேலியா 473 ரன் எடுத்தது. அனபெல் சதர்லாந்து 137 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். எலிஸ் பெர்ரி 99-இல் அவுட்டானார். இங்கிலாந்தின் டாமி போமான்ட் தனியாகவே 208 ரன் குவித்தார். இங்கிலாந்துப் பெண்களில் டெஸ்டில் இரட்டைச் சதம் அடித்தவர் அதற்கு முன் யாரும் இல்லை. பெட்டி ஸ்நோபால் 1935-இல் அடித்த 189 ரன்தான் 88 வருஷமாக உச்சமாக இருந்தது. சோஃபி எக்கிள்ஸ்டன் பத்து விக்கெட் எடுத்தார். இவ்வளவும் இருந்தும் கடைசி இன்னிங்ஸில் ஆஷ்லி கார்ட்னர் 66 ரன்னுக்கு எட்டு விக்கெட்டைச் சாய்த்துவிட, இங்கிலாந்து 178 ரன்னில் அடங்கி, 89 ரன்னில் தோற்றது. பெண்கள் டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் அதைவிடச் சிறந்த பந்துவீச்சு, நம் நாட்டு நீது டேவிட் 1995-இல் ஜாம்ஷெட்பூரில் 53 ரன்னுக்கு எட்டு விக்கெட் எடுத்ததுதான்.

அந்தக் கடைசி இன்னிங்ஸில் இங்கிலாந்துக்காக அதிக ரன் எடுத்தவர் டானி வயட். 54 ரன். சர்வதேச ஆட்டத்துக்கு 2010-இலேயே வந்துவிட்ட அவருக்கு அதுதான் முதல் டெஸ்ட். பதின்மூன்று வருஷம் காத்திருந்து ஒரு பந்தயம் ஆடுகிறார், நன்றாகவும் ஆடுகிறார், அணி தோற்கிறது. அடுத்த டெஸ்டில் என்ன செய்வார் என்று நாம் ஆவலோடு பக்கத்தைப் புரட்டினால், பக்கம் இல்லை.

என் புகார் இதுதான். ஸ்டோக்ஸ் இரண்டு பந்தயம் தோற்ற பிறகும் திருந்திக்கொள்ளவும் ஆத்திரம் தணியவும் அவருக்கு மூன்று பந்தயம் இருந்தன. பெண்கள் தலைவி ஹெதர் நைட்டுக்கு ஒன்றுகூட இல்லை. ஆண்களின் தொடரையும் ஒரே டெஸ்டோடு நிறுத்தியிருந்தால், எட்ஜ்பாஸ்டனில் அவசரப்பட்டுத் தோற்ற அசடர் என்றே ஸ்டோக்ஸின் பெயர் நின்றிருக்கும். மனிதன் தோற்பது பெரிய விஷயம் அல்ல. தோற்ற பிறகு என்ன செய்கிறான் என்பதில்தான் கதை இருக்கிறது. அந்த இரண்டாம் பாகத்தைத்தான் பெண்களுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

சிறிய ஆட்டங்கள் இருந்தனவே என்று சொல்லலாம். இருந்தன, நன்றாகவும் இருந்தன. ஓவலில் இங்கிலாந்து மூன்று ரன்னில் ஜெயித்தது. சவுதாம்ப்டனில் நாட் சிவர்-பிரண்ட் 111 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்றும் மூன்று ரன்னில் தோற்றது. ஆறு சிறிய ஆட்டங்களில் நான்கை இங்கிலாந்து ஜெயித்தும் தொடர் சமன்தான் ஆயிற்று. காரணம், சிறிய ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி, டெஸ்டுக்கு நான்கு. ஒரு டெஸ்ட் இரண்டு ஆட்டத்துக்குச் சமம் என்று அதன் கனத்தை ஒப்புக்கொள்கிறவர்கள், அதை ஒன்றோடு நிறுத்துவது என்ன நியாயம்?

நமக்குச் சங்கீதத்தில் இந்த வழக்கு பழகியதுதான். ராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்து, பெண்களுக்குக் கீர்த்தனமும் துக்கடாவும் போதும் என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். டி. கே. பட்டம்மாள் மேடையில் பல்லவி பாடினார். அதன் பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. துக்கடா மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல துக்கடாவுக்காகக் கச்சேரி முடியும்வரை காத்திருப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் துக்கடா மட்டுமே பாடவிட்டு, இவருக்கு விஸ்தாரமாகப் பாடத் தெரியாது என்று தீர்ப்புச் சொல்வது அக்கிரமம்.

தெரியாது என்பதற்கு ஆதாரமும் இல்லை. பெண்களின் முதல் டெஸ்ட் 1934 டிசம்பரில் பிரிஸ்பேனில் நடந்தது. 1958-இல் மெல்போர்ன் நகரத்தில் ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன் ஒரே டெஸ்டில் சதமும் அடித்துப் பத்து விக்கெட்டுக்கு மேலும் எடுத்தார். அதற்கு முன் ஆண்களிலும் யாரும் அதைச் செய்ததில்லை. ஆண்களில் முதல்வராக இயன் போத்தம் பம்பாயில் அதைச் செய்தது 1980-இல். அதற்குள் 1979-இல் இங்கிலாந்தின் ஈனிட் பேக்வெல்லும் செய்து முடித்திருந்தார். ஆனால் 2023 கோடை முடிந்தபோது ஆண்கள் ஆடியிருந்த டெஸ்டுகள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். பெண்கள் ஆடியவை நூற்றைம்பதைத் தொடவில்லை.

இரண்டாவது டெஸ்ட் என்பது புதிய கோரிக்கையும் அல்ல. 2005-இல் பெண்கள் ஆஷஸ் தொடரில் இரண்டு டெஸ்ட் ஆடினார்கள். ஹோவில் நடந்த முதலாவது முடிவின்றிப் போயிற்று. வூஸ்டரில் நடந்த இரண்டாவதில் இங்கிலாந்து ஜெயித்து, 42 வருஷத்துக்குப் பிறகு ஆஷஸை மீட்டது. அந்த இரண்டாவது பந்தயம் இல்லாவிட்டால் அந்தச் சரித்திரமே இல்லை. அதற்குப் பிறகு வந்த தொடர்களில் டெஸ்ட் ஒன்றாகச் சுருங்கிற்று. நாளையும் சுருக்கிவைத்தார்கள். 2022 ஜனவரியில் கான்பெராவில் 257 ரன் எடுக்க வேண்டிய இங்கிலாந்து ஒன்பது விக்கெட் இழந்து 245 எடுத்திருந்தபோது நான்காம் நாள் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் மழை தின்ற நேரத்தை ஈடுகட்ட ஐந்தாம் நாள் கிடையாது. துப்பறியும் கதையில் கொலைகாரன் பெயர் வரும் பக்கத்தைக் கிழித்தது போல் ஆயிற்று.

ஜனங்கள் வரமாட்டார்கள், பணம் வராது என்பது நிர்வாகிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். நாட்டிங்ஹாமில் ஐந்து நாளில் 23,000 பேருக்கு மேல் வந்தார்கள். தொடர் முழுவதற்கும் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல். ஆண்களுக்கு வந்த கூட்டத்தோடு இது ஈடாகாது என்பது வாஸ்தவம். ஆனால் ஆண்களின் கூட்டம் ஒரு கோடையில் சேர்ந்ததல்ல. 1877 முதல் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. விதைநெல்லைக் கொடுக்காமல் விளைச்சல் எங்கே என்று கேட்கக் கூடாது.

நமக்கு இதில் சொந்த வருத்தம் ஒன்று உண்டு. சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி 2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 192 ரன் அடித்தார். அது அவருடைய இரண்டாவது டெஸ்ட். அதுவே கடைசி டெஸ்டும் ஆயிற்று. அதன் பிறகு 2021 ஜூன் வரை இந்தியப் பெண்கள் டெஸ்டே ஆடவில்லை. 192 ரன் அடித்த ஆண் ஒருவனை, போதும், வீட்டுக்குப் போ என்று யாராவது சொல்வார்களா? காமினியிடமும் யாரும் வாயால் அப்படிச் சொல்லவில்லை. பந்தயமே வைக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

2023-இல் காலம் செய்த வேடிக்கை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பெண்களின் டெஸ்ட் முடிந்த மறுநாள், ஜூன் 27, இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் சமநீதி எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்த சுயேச்சைக் கமிஷனின் அறிக்கை வெளிவந்தது. நிறத்தாலும் வர்க்கத்தாலும் பெண் என்பதாலும் மனிதரைத் தள்ளிவைக்கும் வழக்கம் அந்த ஆட்டத்தில் பரவிக் கிடப்பதாக அது சொல்லிற்று. லார்ட்ஸில் அதுவரை ஒரு பெண்கள் டெஸ்ட்கூட நடந்ததில்லை என்பதையும் எடுத்துக்காட்டிற்று. அதற்கு அடுத்த நாள் அதே லார்ட்ஸில் ஆண்களின் பந்தயம் தொடங்கிற்று. ஐந்தாவது நாள், கிரிக்கெட்டின் மரியாதை கெட்டுவிட்டதென்று நீண்ட கூடத்தில் கூச்சல் எழுந்தது. ஒரு மனிதன் கோட்டைத் தாண்டி நடந்ததில் மரியாதை கெட்டதைக் கண்டவர்கள், பாதி மனித குலம் அந்த மைதானத்தில் ஒரு டெஸ்ட்கூட ஆடாததைக் கண்டு எத்தனை முறை கத்தினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பலன் இல்லாமல் போகவில்லை. அந்த ஆகஸ்ட் 30-ஆம் தேதி, ஆட்டத்துக்கான ஊதியம் இனி இரு பாலாருக்கும் ஒன்றே என்று இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. நல்ல காரியம்; பாராட்ட வேண்டியது. பணம் சமமாயிற்று, நாள் சமமாகவில்லை. 2025-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த அடுத்த தொடரிலும் ஒரே டெஸ்ட்தான். இங்கிலாந்து அதை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்று, தொடரையும் 16-0 என்று பறிகொடுத்தது. இவர்களுக்கு இன்னொரு டெஸ்ட் வேறா என்று சிரித்தவர்கள் இருக்கலாம். இதைவிடக் கேவலமாகத் தோற்ற ஆண்கள் அணிகளுக்கு அடுத்த வாரமே அடுத்த டெஸ்ட் காத்திருந்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆகையால் அந்த இரண்டாவது பந்தயத்தை நடத்தட்டும் என்பதே என் விமர்சனத்தின் முடிவு. அது பிரமாதமாக இருக்கும் என்று நான் ஜாமீன் கொடுக்கவில்லை. மந்தமாகவும் இருக்கலாம், முடிவில்லாமலும் போகலாம், பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவியும் வரலாம். ஆண்களின் ஆட்டத்தைப் பார்த்து நூற்றைம்பது வருஷமாக நாம் விடாத கொட்டாவியா?